அடுத்த காம்பராவில் அலறல்

"என்னைக் கொன்னுடாத!"

விடாத மழையையும் மீறி, மலைச்சரிவுத் தேயிலைத் தோட்டத்தின் லயத்து வரிசை வீடுகளில், அடுத்த காம்பராவிலிருந்து மறுபடியும் ஒரு பெண் அலறினாள்.

சுலக்ஷனா நடுச்சுவரில் காதை வைத்தாள். அங்கே புதிதாகக் குடிவந்த யோகேஸ்வரன் தனி ஆள். கூப்பிட்டால்கூடத் திரும்பிப் பார்க்காத மனிதர்.

"தனியா இருக்கவரு வீட்டுல யாருங்க கத்துறது?"

கணவன் அழகுமுத்து ஓடிப்போய்க் கதவைத் தட்டினான். திறக்கவில்லை. தோளால் இடித்ததில் தாழ்ப்பாள் தெறித்தது.

உள்ளே யோகேஸ்வரன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்; திரும்பவேயில்லை. கைபேசியில் பேய்ப்படம் முழுச் சத்தத்தில் அலற, திரையின் அடியில் ஓடிய வசன வரிகளைப் பெரிய மஞ்சள் எழுத்துகளாக்கிக் கண்ணால் வாசித்துக்கொண்டிருந்தார்.

சுலக்ஷனா அவர் தோளைத் தொட்டாள். துள்ளி எழுந்தவர், இருவரின் முகத்தையும் பார்த்து வெளிறிப்போனார். மூலையில் கட்டி வைத்திருந்த பையை வாரியெடுத்தார்.

"மண்ணு சரியுதுங்களா? காது கேக்காதவன மறந்துட்டு எல்லாரும் ஓடிருவீங்கன்னு பயந்துகிட்டே இருந்தேங்க!"