முதுகுக்குப் பெல்ட்

அச்சகத்தின் கழிப்பறையில் நின்றபடி, இடுப்புப் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினான். மூச்சு முட்டியது. முதுகுவலிக்காரன் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தடவை செய்து பார்த்தான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

நான்கு மாத மருத்துவ விடுப்பு முடிந்து இன்றுதான் வந்திருந்தான். வலி முதுகில் இல்லை. ஒருநாள் காலையில் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. ஏன் அழுகிறோம் என்று தெரியாமலே அழுதான். மனநல டாக்டரிடம் கூட்டிப்போன மனைவிதான் வேலையிடத்துக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்தாள். "முதுகுன்னா எல்லாருக்கும் இருக்கு. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க."

டாக்டரின் காத்திருக்கும் அறையில் ஒரு மீன் தொட்டி. அதில் ஒற்றைக் கண் மீன் ஒன்று, அவனைப் போலவே, சுற்றிச் சுற்றி வந்ததே தவிர எங்கும் போய்ச் சேரவில்லை.

அவன் வேலை காகிதம் வெட்டும் மெஷினில். மனசு சரியில்லாமல் இருந்தவன் என்று தெரிந்தால் அந்தக் கத்திப் பக்கம் விடுவார்களா? பார்சல் கட்ட அனுப்பிவிடுவார்கள்.

மருத்துவச் சான்றிதழில் சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்டால் விடுப்புச் சம்பளமும் கிடைக்கும், மெஷினும் கிடைக்கும். ஆனால் அந்தச் சிடுமூஞ்சிக்கே மூன்று வருடமாக முதுகுவலி. சட்டைக்கு மேலேயே பெல்ட். அசல் நோயாளியிடம் போலி போய் நிற்க வேண்டும்.

அவர் சான்றிதழை எழுத்தெழுத்தாகப் படித்தார்.

"டாக்டர் பேரு இருக்கு. என்ன டாக்டர்னு போடலையே?"

"முதுகு டாக்டர் சார்."

மேஜையிலிருந்து பேனா உருண்டு விழுந்தது. குனிந்தால் குட்டு உடைந்துவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினான். சூப்பர்வைசரே மேஜைக்கு அடியில் மடமடவென்று தவழ்ந்து போய் எடுத்து வந்தார்.

பிறகு அவனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"பெல்ட்டத் தலைகீழாக் கட்டியிருக்க."

பார்சல் கட்டும் மூலை கண்முன் வந்து நின்றது. உண்மையைக் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

அவர் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து கையெழுத்தைப் போட்டு, நாளை காலை மெஷினில் நிற்கச் சொல்லிக் காகிதத்தை நீட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த ஒத்தக் கண்ணு மீன் நல்லாருக்காப்பா?"