இருவர் அமரும் பரண்

ஆஸ்திரியாவின் ஸ்டைரியா மலைக்காட்டின் ஓரத்தில், எந்த மரத்திலும் சாயாமல் நான்கு கால்களில் தனியாக நிற்கும் மான்வேட்டைப் பரண் ஒன்றை இக்னாஸ் கட்டிக்கொண்டிருந்தார். மனைவி வால்பூர்கா குறுக்குச் சட்டங்களைப் பிடித்துக்கொள்ள, அவர் ஆணி அடித்தார்.

"உட்கார்ற பலகை எதுக்கு இவ்வளவு நீளம்?"

"உனக்கும் சேர்த்துத்தான்."

"முப்பது வருஷமா துப்பாக்கிய மட்டும் கூட்டிட்டுப் போன மனுஷனுக்கு, இப்பத்தான் பொண்டாட்டி ஞாபகம் வந்துச்சாக்கும்."

சொல்லிவிட்டாளே தவிர, வால்பூர்காவுக்கு உள்ளூரப் பூரிப்பு. மறுநாள் மாலை நல்ல கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் ஏணி ஏறினாள்.

வெகுநேரம் கழித்து, பெரிய ஆண்மான் ஒன்று காட்டிலிருந்து வந்து நேரெதிரே இருந்த புல்வெளியில் மேய்ந்தது. மடியிலிருந்த துப்பாக்கியை இக்னாஸ் தொடவே இல்லை.

"ஏன் சுடல?" என்று கிசுகிசுத்தாள்.

"மான் வந்திருக்கா?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தூரத்துல எதுவும் தெரியல, வால்பூர்கா. பனி விழறதுக்குள்ள கிட்ட இருக்கறதும் தெரியாமப் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் மறுபடி மானின் பக்கம் திரும்பினாள். பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். "ஆண்மான். கொம்புல எட்டுக் கிளை. இப்பத் தலைய நிமிர்த்தி நம்மளத்தான் பார்க்குது."

புல்வெளியின் வேறொரு மூலையைப் பார்த்தபடி இக்னாஸ் தலையாட்டிக்கொண்டிருந்தார்.