நாலு வாசல் பனி

உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்ல மாட்டேன் என்று விபத்து நஷ்டஈட்டு விசாரணையில் மார்லிஸ் கை தூக்கிச் சத்தியம் செய்ததும், இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் வீடியோவை ஓடவிட்டார். அதில் அவள் கணவர் ஆர்விட், அமெரிக்காவின் டுலூத் நகரத்து முழங்கால் ஆழப் பனியை வாரி வாரிக் கொட்டிக்கொண்டிருந்தார். நிஜ ஆர்விட் அவள் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

“லாரி மோதி மூளை அடிபட்டுடுச்சுன்னு உங்க டாக்டர் சொல்றாரு. ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லன்னு எங்க டாக்டர் சொல்றாரு. டாக்டருங்களை விடுங்க மேடம். மூளை அடிபட்ட மனுஷன் செய்யற வேலையா இது? நாலு வீட்டு வாசலைப் பளிச்சுனு ஆக்கியிருக்காரு! அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஊழியமா?”

“அவங்களுக்காகச் செய்யல சார்.”

“பின்ன?”

“நான் வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள என் கார் வெளிய வர வழி பண்ணிடுவாரு. கல்யாணமான நாள்லேருந்து பழக்கம். அது மறக்கல, வீடு எதுங்கிறதுதான் மறந்துபோச்சு. எல்லா வாசலையும் சுத்தம் பண்ணிட்டா, அதுல ஒண்ணு என்னோடதா இருக்கும்ல?”

வக்கீல் திரையை உற்றுப் பார்த்தார். “இதுல எது உங்க வீடு?”

“எதுவும் இல்ல. எங்க வீடு எதிர்வரிசையில இருக்கு.”

ஆர்விட் அவள் பக்கம் சாய்ந்து, கவலையோடு கேட்டார்: “இன்னிக்குக் கார் சிரமமில்லாம வந்துச்சா மார்லிஸ்?”

சத்தியத்துக்குத் தூக்கிய அதே கையில், காலையில் தானே பனி வாரியதால் வந்த கொப்புளம் எரிந்தது. அதை மேஜைக்கடியில் மறைத்துக்கொண்டு மார்லிஸ் சொன்னாள்:

“ஜம்முனு வந்துச்சு. வாசல்ல பொட்டுப் பனி இல்ல.”