எடையில்லாத் திரவம்

சகல ஜனங்களும் அறிய வேண்டிய மகா முக்கியமான விஷயம் ஒன்று. 1931ஆம் வருஷம், தைப்பூசம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, பகல் மூன்று மணிக்கு, பிரிக்பீல்ட்ஸ் சமரச வாசகசாலையில் சாதி அடியோடு ஒழிக்கப்பட்டது. ஒழித்தவர் தலைவர், தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி பழனியப்பன். ஆயுதம், ஒரு கண்ணாடி ஜாடி.

ஜாடியைக் கொண்டுவந்தவர் கிள்ளான் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜெய்னுதீன். உள்ளும் புறமும் ஈயத்தாள் ஒட்டி, மூடியில் பித்தளைக் குமிழ் வைத்த ஜாடி அது. கரியடுப்பின் சூட்டில் அதைக் காயவைத்து, கூடவே கொண்டுவந்த மின்பொறியின் சக்கரத்தைச் சுற்றி அதில் மின்சாரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

தலைவர் அதற்குள் மேடையேறிவிட்டார்.

"மகாஜனங்களே! மின்சாரத்தை அக்காலத்து விஞ்ஞானிகள் எப்படி அழைத்தார்கள்? திரவம் என்று அழைத்தார்கள்! கண்ணாடியைத் தேய்த்தால் பிறப்பது கண்ணாடித் திரவம். குங்கிலியத்தைத் தேய்த்தால் குங்கிலியத் திரவம். இரண்டுக்கும் பொதுப்பெயர், எடையில்லாத் திரவம். அதன் பொருள் யாது? தராசில் நிற்காது, துணியை நனைக்காது, எந்தத் தீட்டும் அதில் ஒட்டாது!"

"அதெல்லாம் நூறு வருசத்துக்கு முந்தின பேருங்க," என்றார் வாத்தியார். கைதட்டலில் அது யார் காதிலும் விழவில்லை.

கைதட்டாதவர் ஒருவர் இருந்தார், ரயில்வே பட்டறை ஃபிட்டர் இராமலிங்கம். இரண்டு வருஷத்துக்கு முன் இதே தலைவர் வீட்டுத் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்க்கப் போனவர், வேலை முடிந்து ஒரு வாய் தண்ணீர் கேட்டார். தலைவர் எட்ட நின்று, செம்பை உயரத் தூக்கி, அவர் குவித்த கையில் ஊற்றினார்.

அந்தத் திரவத்துக்கு எடை இருந்தது. இன்றுவரை அது இராமலிங்கத்தின் நெஞ்சைவிட்டு இறங்கவில்லை.

இந்த வித்தையைக் காட்டச் சொல்லி, நான்கு ஞாயிறு கிள்ளானுக்கு ரயிலேறிப் போய் வாத்தியாரைக் கெஞ்சியவரே அவர்தான். முப்பது பேர் கைகோத்து நிற்க வேண்டும். முதல் ஆள் ஜாடியை ஏந்த, கடைசி ஆள் குமிழைத் தொட, முப்பது பேரும் ஒரே சமயத்தில் துள்ளுவார்கள். நடுவில் ஒரு கை விட்டாலும் ஒருவரும் துள்ளமாட்டார்கள். தலைவர் இராமலிங்கத்தின் கையைத் தொடப்போவதில்லை. சபை நடுவே அவர் மானம் கப்பலேறும். இதுதான் கணக்கு.

வரிசை கூடியது. இராமலிங்கம் நேரே போய்த் தலைவருக்குப் பக்கத்தில் நின்றார். அது போதாதென்று, வாசலோரம் நின்றிருந்த, சாக்கடை வாரும் பக்கிரிசாமியையும் கூப்பிட்டார்.

"உள்ள வா பக்கிரி! இங்க எல்லாரும் ஒண்ணுதான்!" என்று தன் இடப்பக்கத்தில் அரை அடி தாராளமாக இடம் விட்டார். பக்கிரிசாமி வந்து, கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர் இராமலிங்கத்தின் வலக்கையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு, கொதிக்கும் தோசைக்கல்லைத் தொடுகிறவரைப்போல, சுண்டுவிரல் நுனியை மட்டும் அதன்மேல் வைத்தார்.

இராமலிங்கத்துக்கு வயிறு குளிர்ந்தது. திரவம் என்றால் ஓடுவதற்கு வாய்க்கால் வேண்டாமா? சுண்டுவிரல் நுனி வழியாக எது ஓடிவிடும்?

கடைசி ஆள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குமிழைத் தொட்டார். ஒருவரும் துள்ளவில்லை.

"ஈரக்காற்று! ஈரக்காற்றுதான் காரணம்!" என்றார் தலைவர் அவசரமாக.

வாத்தியார் கண்ணாடிப் பிடிபோட்ட வளைந்த கம்பியொன்றை எடுத்து, அதன் ஒரு முனையை ஜாடியின் வெளிப்புறத்திலும் மறுமுனையைக் குமிழிலும் வைத்தார். படாரென்று பொறி பறந்தது.

"ஜாடியில குத்தமில்லீங்க. நடுவுல யாரோ கைய விட்டிருக்காங்க."

இரண்டு வருஷமாகக் காத்திருந்த வாக்கியம் அது.

"அப்படியே நில்லுங்க! ஒருத்தரும் அசையக் கூடாது!" இராமலிங்கத்தின் குரல் தகரக் கூரையில் போய் மோதியது. "வாய் கிழிய சமத்துவம் பேசிட்டு, கைய ஒளிச்சவன் எவன்னு இப்பவே தெரியணும். அவன் இனிமே இந்த வாசகசாலைப் படி ஏறக் கூடாது. சம்மதமா?"

"சம்மதம்!"

"தலைவரும் சொல்லட்டும் லா!" என்றது பின்வரிசை.

"சம்மதம்," என்றார் தலைவர். நெற்றியில் வேர்த்து ஊற்றியது.

வாத்தியார் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். தலைவரின் கையருகே வந்ததும் குனிந்தார்.

"அதேதான் வாத்தியாரே! நல்லாப் பாருங்க! சுண்டுவிரல் நுனி! என் தீட்டு ஒட்டிக்கும்னு பயம் ஐயாவுக்கு!"

"பாத்தேங்க. தொட்டுத்தான் இருக்காரு," என்றார் வாத்தியார். "மனசு இருக்கோ இல்லையோ, நுனி பட்டாப் போதும். அது பாட்டுக்குப் போயிரும்."

தலைவர் மூச்சை விட்டார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, தான் பிறந்ததே சாதியை ஒழிக்கத்தான் என்பதுபோல நிமிர்ந்தார்.

"அப்ப எவன்தான்யா விட்டது?" என்று கத்தினார் இராமலிங்கம்.

பக்கிரிசாமி தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, நீங்க என் கையத் தொடவே இல்ல."