வெயிலில் கிடந்த படகு

ஏரி நடுவில் தங்கை பிளெஸ்ஸி ஏறியிருந்தபோது ஓட்டை விழுந்து அமிழ்ந்த காற்றுப் படகை எஸ்தர் வராந்தாவில் கிடத்தி ஒட்டிக்கொண்டிருந்தாள். சோப்புத் தண்ணீர் பூசினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் வரும். அங்கே உப்புத்தாள் தேய்த்து, பசை தடவி, ஒட்டுப் போடுவாள். மத்தியான வெயிலில் காற்றடித்த படகு மறுநாள் விடியும்வரை விறைப்பாக நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளெஸ்ஸி அதில் ஏறலாம் என்று சொல்லிவிட்டாள்.

இப்போது எங்கும் குமிழ் வருவதில்லை. ஆனாலும் விடியற்காலைக் குளிரில் படகு தொளதொளவென்று கிடந்தது. குமிழ் வராத இடங்களிலும் எஸ்தர் ஒட்டுப் போடத் தொடங்கினாள்.

“படகவிட ஒட்டு கனமாயிரும்க்கா,” என்றாள் பிளெஸ்ஸி.

“காத்து எங்கேயோ போகுதுடி. எனக்குத் தெரியும்.”

“போனது திரும்பி வருமா?”

“காத்து எப்படிடி திரும்பி வரும்?”

பிளெஸ்ஸி படகை வாசல் வெயிலுக்கு இழுத்துப் போட்டாள். பம்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

அடுத்த ஒட்டுக்கு இடம் தேடி, எஸ்தர் படகின் சுருங்கிய பக்கத்தில் உள்ளங்கையை வைத்தாள். வெயில் ஏறியது. கைக்குக் கீழே ஒரு சுருக்கம் மெல்ல நீண்டு மறைந்தது. பிறகு இன்னொன்று. படகின் மூக்கு தரையிலிருந்து தானாக நிமிர்ந்தது.

எஸ்தர் கையை எடுக்கவில்லை. உள்ளே இருந்த அதே காற்று சூடேறி அதை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. மற்றக் கையால் பசை டப்பாவின் மூடியைத் தேடினாள்.

“லைஃப் ஜாக்கெட்டைப் போடு,” என்றாள். “நானும் வரேன்.”