நாலு மணிக் கோளாறு

படிவத்தில் கடைசிக் கேள்வி ஒன்றுதான் பாக்கி. 'இவரால் ஒரு குழுவை நிர்வகிக்க முடியுமா?'

முடியாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

சின்ன இன்ஜினியர் நல்ல பெண்தான். வேலையில் சுத்தம், பேச்சில் மரியாதை. ஆனால் சோப்புக் கட்டிக்கு உறை சுற்றும் புது மெஷினைச் சோதனைக்கு ஓட்டிப் பார்க்கச் சொல்லி மூன்று மாதமாகிறது. தினமும் நாலு மணி அடித்தால் போதும், சொல்லி வைத்த மாதிரி நின்றுவிடும். உடனே மாடிக்குப் போன் வரும்.

"சார், கொஞ்சம் வந்து பாக்கறீங்களா? எங்களுக்குப் பிடிபடலை."

அவர் போவார். சட்டைக் கையை மடித்துவிடுவார். ஒரு நாள் பெல்ட் தளர்ந்திருக்கும், ஒரு நாள் சென்சாரில் தூசி அப்பியிருக்கும். பத்து இருபது நிமிஷத்தில் மெஷின் ஓட ஆரம்பிக்கும். அவளும் அவளோடு வேலை செய்யும் நாலு பேரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள்.

இருபது வருஷம் கீழே மெஷின்களோடேயே கிடந்த மனுஷன். பாக்கெட்டில் எப்போதும் ஸ்பேனர் இருக்கும், அதனால் பெயரே 'ஸ்பேனர் சார்'. மேனேஜராக்கி மாடியில் கண்ணாடி அறை கொடுத்ததும் அந்த ஸ்பேனர் மேஜை டிராயருக்குள் போயிற்று. அதற்குப் பதிலாக மீட்டிங், லீவு விண்ணப்பம், கலர் கலராகக் கட்டம் போட்ட அறிக்கை. முதல் இரண்டு வாரம் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அப்புறம் புது மெஷின் வந்தது, இந்த நாலு மணிக் கோளாறும் வந்தது. மனுஷன் பிழைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனால் இதே பெருமைதான். தான் இல்லாவிட்டால் அங்கே ஒரு துரும்பும் நகராது என்பார். மனைவி துணி மடித்துக்கொண்டே 'உம்' கொட்டுவாள். நேற்றும் அப்படித்தான். குழுத் தலைவர் பதவிக்கு சின்ன இன்ஜினியர் பெயர் வந்திருக்கிறது, தான் எழுதுவதுதான் முடிவு, ஒரு மெஷினையே கட்டி மேய்க்கத் தெரியாதவள் நாலு பேரை எப்படி மேய்ப்பாள் என்று அளந்துகொண்டே போனார்.

அப்போதுதான் மனைவி வாயைத் திறந்தாள். "உங்களை நான் இத்தனை வருஷமா கட்டி மேய்க்கலையா? எனக்கு யாரும் பதவி குடுக்கலையே."

சிரித்தார். ஆனால் மனசை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது எழுதப் போனால் கட்டமெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. மூக்குக்கண்ணாடியைக் காணோம். சற்றுமுன் மெஷினைச் சரிசெய்தபோது அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார். ஐந்து மணிக்குள் படிவம் போயாக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்.

கீழே யாரும் இல்லை, டீ குடிக்கப் போயிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி சோதனை நோட்டின் மேல் பத்திரமாக இருந்தது.

அந்த நோட்டு அவர் கொண்டுவந்த வழக்கம். மெஷினில் யார் கை வைத்தாலும், ஒரே ஒரு திருகைத் தொட்டாலும், உள்ளது உள்ளபடி அதில் எழுதிவிட வேண்டும். எழுதாதவர்களுக்கு என்னிடம் வேலையில்லை என்று கத்திக் கத்தியே பழக்கியிருந்தார்.

மாடிக்குப் போனபின் அதை அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை. இன்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு சும்மாதான் பிரித்தார். சின்ன இன்ஜினியரின் உருண்டைக் கையெழுத்து.

'காலை 9 முதல் 3.55 வரை ஓட்டம். ஒரு தடவைகூட நிற்கவில்லை.'

அதற்குக் கீழே: '3.56. சாருக்காக உருளையின் திருகு அரைச் சுற்றுத் தளர்த்தப்பட்டது.'

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. முந்தைய பக்கத்தைப் பார்த்தார். அன்றைக்கும் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

'3.56. சாருக்காக சென்சாரில் தூசி தடவப்பட்டது. ஏழே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். இனி கொஞ்சம் கஷ்டமாக வைக்க வேண்டும்.'

மளமளவென்று புரட்டினார். மூன்று மாதமும் இதே கதை. அந்த மெஷின் ஒரு நாள்கூடத் தானாக நின்றதில்லை. முதல் பக்கத்தில் விஷயம் இருந்தது.

'மாடிக்குப் போனதிலிருந்து சார் முகமே சரியில்லை. அன்றன்றைய சோதனை முடிந்ததும், நாலு மணிக்கு ஒரு சின்னக் கோளாறு வைத்து அவரைக் கூப்பிடுவதாக முடிவு. யோசனையும் பொறுப்பும் என்னுடையது.' அவள் கையெழுத்து. கூடவே மற்ற நாலு பேரின் கையெழுத்தும்.

அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தப் பெண்ணைப் பற்றியா இப்படி எழுத இருந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஏழு நிமிஷத்தில் கண்டுபிடித்ததை நினைத்துக் கொஞ்சம் பெருமையும் வந்தது, மறைப்பானேன். மெஷினைத் தட்டிக்கொடுத்துத் தனியாக நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. நோட்டை இருந்தபடியே மூடி வைத்துவிட்டு மாடிக்கு ஓடினார்.

டிராயரிலிருந்து ஸ்பேனரை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். நாளைக்கும் நாலு மணி வரும். அப்புறம் படிவத்தை இழுத்து, கடைசிக் கேள்விக்கு நேராக எழுதினார்:

'தாராளமாக முடியும். மூன்று மாதமாக என்னையே கட்டி மேய்த்திருக்கிறார், எனக்கே தெரியாமல்.'