மணி நிற்கும் வரை

சிட்னியில், மாநிலப் பாராளுமன்றத்தின் பார்வையாளர் கலரியில் அம்மாவும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். வாக்கெடுப்பு மணி விடாமல் அடிக்கிறது. பல் வைத்தியரின் இயந்திரம் போல அது என் தாடைக்குள் இறங்குகிறது. வீட்டுக்காரர்கள் இஷ்டத்துக்கு வாடகை ஏற்றுவதைத் தடுக்கும் சட்டமூலம். இது தோற்றால் நாங்கள் வீட்டை விட்டு எழும்ப வேண்டியதுதான். மணி நின்றதும் கதவுகளைப் பூட்டுவார்கள். பிறகு ஆதரிப்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்கமும் எதிர்ப்பவர்கள் இடப்பக்கமும் போய் உட்காருவார்கள். இதை அம்மாவுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. கீழே பச்சை இருக்கையில் ஒருவர் கொட்டாவி விடுகிறார், இன்னொருவர் போனைத் தடவுகிறார். வாடகை கட்டுகிற முகம் ஒன்றுகூட இல்லை. "எங்கட கிரெக் எங்கயடி?" அம்மா என் மணிக்கட்டை இறுக்குகிறார். கிரெக் எங்கள் தொகுதி உறுப்பினர். தேர்த்திருவிழாவுக்கு வேட்டியோடு வந்து, இதற்கு வாக்களிப்பேன் என்று அம்மாவின் கையைப் பிடித்துச் சொன்னவர். "மெல்லக் கதையுங்கோ அம்மா, வெளியில விட்டிடுவாங்கள்." கடைசி ஆளாகக் கிரெக் ஓடி வருகிறார், கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி. மணி நிற்கிறது. கதவு பூட்டுகிற சத்தம் மேலே வரை கேட்கிறது. அவர் நடந்துபோய் இடப்பக்கம் உட்காருகிறார். அண்ணாந்து பார்த்தவர், அம்மாவைக் கண்டு சிரித்துக் கைகூப்புகிறார். அம்மா எழும்பி நின்று பதிலுக்குக் கும்பிடுகிறார். "பாத்தியே பிள்ளை, மனுசன் எங்களை மறக்கேல்லை."